ஆயிர மசலாவில் வினாவும் விடையும்

தமிழில் முழுமையாகக் கிடைக்கும் இசுலாமிய இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டது ஆயிர மசலா என்பது ஆராய்ச்சியாளர் பலரும் உடன்பட்ட முடிபாகும். இதற்கு முன்னும் இசுலாமியர் தமிழில் நூல் யாத்தனர் என்பதற்குப் பல்சந்தமாலை சான்று பகரும். ஆயினும் அந்நூல் களவியற்காரிகை உரையில் மேற்கோளாக எஞ்சிய சில பாடல்களின் வாயிலாகவே இன்று அறியப்படுகின்றது. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலாவோ ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுடன் நமக்கு வந்து சேர்ந்துள்ளது. நாயக்கர் ஆட்சிக் காலத்தில், 1572ஆம் ஆண்டில், மதுரையில் அரங்கேறியது என்பது இதன் வரலாறு. அதிசய புராணம் என்னும் மறுபெயரும் இதற்கு உண்டு.

இந்நூலைப் பற்றி இலக்கிய வரலாற்று நூல்கள் கூறுவன பெரும்பாலும் இவ்வளவே. ஆண்டு, ஆசிரியர் பெயர், வினாவிடை அமைப்பு என்னும் மூன்று செய்திகளைக் கூறிவிட்டுச் சீறாப்புராணத்திற்குச் சென்றுவிடுதல் வழக்கமாகிவிட்டது. சீறாவின் காப்பிய மாண்பு அத்தகையது என்பதில் ஐயமில்லை. எனினும், இரு சமயத்தார் எதிரெதிர் அமர்ந்து உரையாடும் அமைப்பையே தன் முழு உடலாகக் கொண்ட நூல் ஒன்று நம்மிடம் இருக்க, அவ்வுரையாடலின் தன்மையை ஆராயாது விடுத்தல் பொருந்துமா என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இது மெய்யான உரையாடலா, அன்றி முடிவு முன்னரே வகுக்கப்பெற்ற போதனையா? தமிழ் வடிவத்தை ஏற்றதனால் இந்நூலின் சமய அடையாளம் குறைவுற்றதா, உறுதிப்பட்டதா? இவ்விரண்டும் நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்கள்.

கதையின் தோற்றமும் பயணமும்

ஆயிர மசலாவின் கேள்வியாளர் அப்துல்லா இபுனு சலாம் என்னும் யூத அறிஞர். இவர் கற்பனை மாந்தர் அல்லர். மதீனாவில் வாழ்ந்து, இசுலாத்தைத் தழுவிய வரலாற்று மாந்தரே. புகாரியின் நபிமொழித் தொகுப்பு இவரைப் பற்றிய செய்தி ஒன்றைத் தருகின்றது. நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்ததை அறிந்து இவர் சென்று, இறைத்தூதர் ஒருவரன்றிப் பிறர் அறியாதவை என மூன்று வினாக்களை விடுக்கின்றார். உலக முடிவின் முதல் அறிகுறி யாது, சுவர்க்கத்தார் உண்ணும் முதல் உணவு யாது, பிள்ளை தந்தையை ஒத்தோ தாயை ஒத்தோ பிறத்தற்குக் காரணம் யாது என்பன அவை. விடை பெற்றபின் இவர் இசுலாத்தை ஏற்கின்றார்.

இம்மூன்று வினாக்களே பிற்காலத்தில் பெருகி ஒரு தனி நூலாயின. அரபு மொழியில் இபுனு சலாமின் வினாக்கள் என்னும் பெயரால் அந்நூல் வழங்கிற்று. உலகின் தோற்றம், ஆதமின் படைப்பு, வானங்கள், சுவர்க்க நரகங்கள், இறுதி நாள் முதலான பொருள்கள் அதில் வினாக்களாகவும் விடைகளாகவும் விரிந்தன. மூன்று ஆயிரமாயிற்று என்பதை எண்ணளவில் கொள்ளவேண்டுவதில்லை. பன்மை குறிக்க ஆயிரம் என்பது தமிழிலும் மரபே.

இந்நூல் சென்ற நாடுகள் பல. 12ஆம் நூற்றாண்டில், குளூனி மடத்தின் தலைவர் பீட்டரின் முயற்சியால் திருக்குர்ஆன் முதன்முதலாக லத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, கரிந்தியாவைச் சார்ந்த ஹெர்மன் என்பார் இவ்வினாநூலையும் லத்தீனில் பெயர்த்தார். அத்தொகுதியைப் பிப்லியாந்தர் 1543ஆம் ஆண்டில் பாசெல் நகரில் அச்சிட்டார். கிழக்கே பாரசீகத்திலும் மலாயிலும் சாவகத்திலும் இந்நூல் வழங்கிற்று. மலாய் மொழியில் இதன் பெயர் ஆயிரம் மசலா என்னும் பொருளே பட நிற்கின்றது. 1924ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் பைப்பர் லெய்டனில் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். தமிழ், மலாய், சாவகம் ஆகிய மூன்று மொழி வடிவங்களையும் ஒருங்கு வைத்து ரோனித் ரிச்சி ஆராய்ந்த நூல் 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ் ஆயிர மசலா உலக இலக்கியப் பேராறு ஒன்றின் கிளை என்பதை இவ்வாராய்ச்சிகள் தெளிவுறுத்துகின்றன.

இப்பயணத்தில் நாம் கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. லத்தீனில் பெயர்த்தோர் இசுலாத்தை மறுத்தற்பொருட்டுப் பெயர்த்தனர். தமிழிலும் மலாயிலும் பாடியோர் இசுலாத்தைப் போற்றுதற்பொருட்டுப் பாடினர். வினாக்களும் விடைகளும் பெருமளவு ஒன்றே. ஆகவே ஓர் உரையாடல் நூலின் பயன் அதன் சொற்களில் மட்டும் அமைந்துகிடப்பதில்லை. அதனைக் கையிலேந்தும் சமுதாயத்தின் நோக்கத்திலும் அமைகின்றது. ஒரு நூலைச் சமயப் பொதுமைக்குச் சான்றாகக் காட்டுவோரும், சமயப் பிரிவினைக்குச் சான்றாகக் காட்டுவோரும் இவ்வுண்மையை முதற்கண் நினைத்தல் வேண்டும்.

வினாவின் இயல்பு

வினாவை ஆறாக வகுத்துரைப்பது நன்னூல். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. ஆசிரியன் மாணாக்கனிடம் பொருள் வினவுதல் அறிவினாவுக்கும், மாணாக்கன் ஆசிரியனிடம் வினவுதல் அறியாவினாவுக்கும் எடுத்துக்காட்டாக உரையாசிரியர்களால் காட்டப்பெறும். இவ்விலக்கணம் ஆயிர மசலாவை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணைசெய்வதாகும்.

இபுனு சலாம் விடுப்பன யாவை? அவர் தம் மறையாகிய தவுறாத்தைக் கற்றுத் துறைபோயவர். அம்மறையினின்று அரிய வினாக்களைத் திரட்டிக்கொண்டு, தம் கூட்டத்தாரின் சார்பாளராக வருகின்றார். விடையை முன்னரே அறிந்தவர் ஆதலின் அவர் வினவுவன அறிவினாக்களே. இலக்கண உரைகளில் அறிவினா விடுப்பவன் ஆசிரியன். இங்கோ, ஆசிரியராகப் போற்றப்பெற வேண்டியவர் விடை கூறும் இடத்தில் அமர்ந்திருக்கின்றார். நபிகள் நாயகத்தைத் தேர்வுக்குரியவராக நிறுத்தி, மாற்றுச் சமயத்தார் ஒருவரைத் தேர்பவராக அமர்த்தும் துணிவு இந்நூலின் அடிப்படையில் அமைந்துள்ளது.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. இம்மரபில் ஒவ்வொரு விடையின் பின்னும், உரைத்தது உண்மையே என்று வினவியவர் ஒப்புகின்றார். விடை மெய் என்பதற்கு அளவுகோலாக நிற்பது எது? வினவியவரின் மறையே. நபிகள் நாயகத்தின் வாய்மொழி முன்னைய வேதத்தோடு பொருந்துவதனால் மெய்யென நிறுவப்படுகின்றது. எதிராளியின் நூலைப் பொய்யென்று தள்ளிவிட்டால் இவ்வுரையாடல் ஓரடியும் நடவாது. முன்னைய வேதம் ஓதுவாரைக் கேட்டுத் தெளியுமாறு கூறும் பகுதி திருக்குர்ஆனின் 10ஆம் அத்தியாயத்தில் உண்டு. அக்கருத்தின் இலக்கிய வடிவம் இது எனலாம்.

தமிழில் இதற்கு முன் தோன்றிய சமய வாத நூல்களோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். மணிமேகலை வஞ்சி நகரில் பல்வேறு சமயக் கணக்கர்தம் திறங்களைக் கேட்கின்றாள். கேட்டவற்றைக் கைவிட்டுப் பின்னர் அறவணவடிகளிடம் தெளிவு பெறுகின்றாள். நீலகேசி சென்றவிடமெல்லாம் வாதிட்டு வெல்கின்றாள். சிவஞான சித்தியாரின் பரபக்கம் பிறர் கொள்கைகளை எடுத்துக்கூறி மறுக்கின்றது. இவை மூன்றிலும் பிறர் நூல் மறுத்தற்குரிய பொருளாகவே நிற்கின்றது. ஆயிர மசலாவில் பிறர் நூல் சான்றாக நிற்கின்றது. ஒரு சாரார் வாய்மையைப் பிறிதொரு சாரார் மறையைக் கொண்டு அளக்கும் முறை தமிழ்ச் சமய இலக்கியத்தில் அரிதாகவே காணப்படுவது.

இறுதியில் இபுனு சலாம் இசுலாத்தை ஏற்கின்றார். அறிவினாவில் தொடங்கியவர் மாணாக்கராக அமர்கின்றார். வினாவின் இலக்கணமே நூலின் போக்கில் மாறுகின்றது எனலாம். அம்மாற்றமே இந்நூலின் கதை. வேறு நிகழ்ச்சிகளை இதில் தேடுதல் வேண்டா.

எண் வினாக்கள்

இம்மரபின் வினாக்களுள் எண்ணைப் பற்றியன ஒரு தொகுதி. இரண்டில்லாத ஒன்று யாது, மூன்றில்லாத இரண்டு யாது எனத் தொடர்ந்து செல்வன அவை. லத்தீன் வடிவில் ஒன்றுக்கு இறைவனும், நான்குக்குத் தவுறாத்து, சபூர், இஞ்சீல், புர்க்கான் என்னும் நால்வேதமும், ஐந்துக்கு நாடோறும் தொழும் தொழுகைகளும், ஆறுக்குப் படைப்பின் நாள்களும், ஏழுக்கு வானங்களும் விடைகளாகின்றன. நான்கு என்பதற்குரிய விடையில் வினவியவரின் வேதமும் விடை கூறியவரின் வேதமும் ஒரே நிரலில் வைத்து எண்ணப்படுதல் காண்க.

இவ்வகை வினா ஒரு சமயத்தார்க்கே உரியது அன்று. ஒன்று என்பது யாது என்று தொடங்கிப் பத்து வரை செல்லும் வினாவிடை பாலி மொழியில் குத்தக பாடத்துள் உள்ளது. யூதர் தம் பாசுகா விழாவில் ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்ணி வினவிப் பாடும் பாட்டு ஒன்று வழங்குகின்றது. தமிழிலோ, எண்களை ஏற்றியும் இறக்கியும் இறைவனோடு பொருத்திப் பாடும் எழுகூற்றிருக்கையைச் சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடியுள்ளனர். பிசி என்னும் வடிவம் தொல்காப்பியத்திலேயே கூறப்பெற்றது. இவற்றுள் ஒன்று மற்றொன்றினின்று பிறந்தது என்று கூறுதல் எம் கருத்தன்று. அவ்வாறு கூறுதற்குச் சான்றும் வேண்டும். எண்ணைப் பற்றிக்கொண்டு மறைபொருளை நினைவில் நிறுத்துதல் பல சமயத்தார்க்கும் பொதுவான கல்விமுறை என்பதே நாம் கொள்ளத்தக்கது. அரபு நாட்டு வினாக்கள் மதுரையில் பாடப்பெற்றபோது, கேட்டார்க்கு அவை முற்றிலும் அயலாய்த் தோன்றாமைக்கு இப்பொதுமை ஒரு காரணமாதல் கூடும்.

மற்றொரு வினாவையும் குறித்தல் தகும். கதிரவன் ஒரே ஒருமுறை மட்டும் கண்ட நிலம் யாது? மூசா நபிக்காகக் கடல் பிளந்தபோது வெளிப்பட்ட தரையே அது. வினவியவரின் மறையிலும் விடை கூறியவரின் மறையிலும் உள்ள நிகழ்ச்சி இது. இருவர்க்கும் உரிய நினைவு ஒன்று விடுகதையாகின்றது. இத்தகைய இடங்களில் வென்றார் யார், தோற்றார் யார் என்னும் எண்ணமே எழுவதில்லை.

பெயரும் வடிவும்

மசலா என்பது அரபுச் சொல். வினா, ஆராய்தற்குரிய பொருள் என்பது அதன் கருத்து. புராணம் என்பது வடசொல். தமிழில் நெடுங்காலமாக வேரூன்றியது. ஒரே நூல் இவ்விரு பெயர்களையும் தாங்குகின்றது. இதனைப் பெயரளவில் அமைந்த ஒட்டு எனக் கொள்ளலாகாது. நைமிசாரணியத்து முனிவர் வினவச் சூதர் விடையிறுப்பதாக அமைவது புராணங்களின் மரபு. வினாவுக்கு விடையாக உலகத் தோற்றம் முதல் இறுதி வரை கூறும் நூல் புராணம் எனப்படுதல் தமிழ்க் கேள்வியாளர்க்கு இயல்பாகவே தோன்றியிருக்கும். புலவர் அயல்மொழி நூலைத் தமிழாக்கியதோடு அமையாது, தமிழில் அதற்குரிய இனத்தையும் அறிந்து பெயரிட்டார்.

பெற்றதற்கு ஈடாகத் தமிழுக்கு வந்ததும் உண்டு. மசலா என்பது அதன்பின் தமிழில் ஒரு பிரபந்த வகையாகவே நிலைத்தது. நூறு மசலாவில் அரசிளங்குமரி வினவுகின்றாள். வெள்ளாட்டி மசலாவில் அடிமைப்பெண் ஒருத்தி அறிஞர் அவையில் விடையிறுத்து வெல்கின்றாள். ஆயிரத்தோர் இரவுகளில் வரும் தவத்துது என்பாளின் கதையோடு இஃது ஒப்புநோக்கத்தக்கது. கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா, படைப்போர் முதலியனவும் இவ்வாறே தமிழுக்கு வந்த வகைகள்.

இவ்வடிவ ஏற்பைக் குறித்து இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. புராணம் முதலிய பெயர்களையும் காப்பிய மரபுகளையும் ஏற்றதனால் சமயத்தின் தூய்மை குறைந்தது என்பது ஒன்று. இந்நூல்களில் இரு சமயங்களும் கலந்து ஒன்றாயின என்று போற்றுவது மற்றொன்று. ஒன்று பழிக்கின்றது, ஒன்று புகழ்கின்றது. ஆயினும் இரண்டும் ஒரே பிழையின்மேல் நிற்கின்றன. வடிவம் மாறினால் பொருளும் மாறிவிடும் என்பதே அப்பிழை.

கட்டடக் கலை இதனைத் தெளிவாக்கும். கீழக்கரைப் பழைய பள்ளிவாசலுக்குச் சென்றோர் அதன் கருங்கல் தூண்களைக் கண்டிருப்பர். தூணின் அமைப்பும் போதிகையும் திருக்கோயில் மண்டபங்களைச் சமைத்த தச்சர் மரபைச் சார்ந்தவை. ஆயின் அத்தூண்களில் தெய்வ உருவமோ மாந்தர் உருவமோ இல்லை. பூவும் கொடியும் அவ்விடத்தை நிரப்புகின்றன. சாவகத்தில் 16ஆம் நூற்றாண்டுத் தொடர்புடைய குதுசு நகரப் பள்ளிவாசலின் செங்கற் கோபுரமும் அந்நாட்டின் பழைய கோயிற் கட்டட மரபிலேயே எழுந்தது. தொழுகைக்கு அழைத்தற்கே பயன்பட்டது. கல்தச்சன் தான் கற்ற கலையை விட்டுவிடவில்லை. தொழுவோர் தம் கொள்கையையும் விட்டுக்கொடுக்கவில்லை. எதனைக் கொள்வது, எதனை ஒழிப்பது என்னும் தேர்ச்சி அங்கு நிகழ்ந்துள்ளது.

ஆயிர மசலாவிலும் நிகழ்ந்தது அத்தேர்ச்சியே. தமிழ் யாப்பு கொள்ளப்பட்டது. வாழ்த்துக் கூறித் தொடங்கும் மரபு கொள்ளப்பட்டது. மறை, வேதம் முதலிய சொற்கள் கொள்ளப்பட்டன. அவற்றால் உரைக்கப்பட்ட பொருளோ ஒரே இறைவன், அவன் தூதர், இறுதி நாள் என்னும் இசுலாமியக் கொள்கையே. தமிழ்ச்சொல் போதாதவிடத்து அரபுச்சொல் அவ்வாறே நிறுத்தப்பட்டது. ஆகவே இதனைக் கலப்பு என்பதினும், தெளிந்து கொண்ட உடைமை என்பதே பொருந்தும். தமிழராகவும் இசுலாமியராகவும் ஒருங்கே இருத்தற்கு ஒன்றைக் குறைத்து ஒன்றைக் கூட்டவேண்டுவதில்லை என்பதை 1572ஆம் ஆண்டிலேயே ஒரு புலவர் செயலால் காட்டியுள்ளார்.

உரையாடலின் எல்லை

இந்நூலை மிகைப்படப் புகழ்தலும் ஆராய்ச்சிக்கு ஆகாது. இதன் எல்லையையும் கூறுதல் நம் கடன்.

முதலாவது, இதில் பேசும் யூதர் இசுலாமிய ஆசிரியர்களால் படைக்கப்பட்ட யூதர். அவர் வினாக்கள் தவுறாத்தினின்று எடுக்கப்பட்டவை என்று கூறப்படினும், பல வினாக்களின் பொருளும் விடைகளும் இசுலாமிய மரபையே சார்ந்தவை. எதிராளியின் குரலை நாமே எழுதுவோமாயின் அவர் நாம் விரும்பியதையே வினவுவார். இரண்டாவது, தமிழ் ஆயிர மசலாவைக் கேட்டவர்களிடையே, தம் மறை இவ்வாறு கூறுகின்றதா என்று எழுந்து வினவத்தக்க யூத அறிஞர் இருந்தார் எனக் கொள்ளுதற்கு இடமில்லை. தமிழகத்தில் இசுலாமியர் நாடோறும் உடன் வாழ்ந்தது சைவரோடும் வைணவரோடும். அவர்கள் இவ்வுரையாடலில் இடம்பெறவில்லை. மூன்றாவது, உரையாடல் முடியும்போது இருவர் ஒருவராகிவிடுகின்றனர். வினவியவர் தம் சமயத்திலேயே நின்று, விடையை மதித்து விடைபெறும் முடிவு இங்கு இல்லை.

1965ஆம் ஆண்டில் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைக் குறித்து வெளியிட்ட அறிக்கையும், 2007ஆம் ஆண்டில் இசுலாமிய அறிஞர் 138 பேர் கிறித்தவத் தலைவர்களுக்கு விடுத்த திறந்த மடலும் வேறொரு வகை உரையாடலை நாடுவன. அங்கு இரு சாராரும் தத்தம் குரலில் பேசுகின்றனர். இருவரும் இருவராகவே எஞ்சுகின்றனர். அக்கொள்கையை 16ஆம் நூற்றாண்டு நூலினுள் வலிந்து புகுத்திச் சமய ஒற்றுமைக் காப்பியம் என்று ஆயிர மசலாவுக்குப் பெயர் சூட்டுவது காலமயக்கம் ஆகும். பழைய நூல் நம் விருப்பத்தை நிறைவேற்றுதற்கு எழுந்ததன்று.

ஆயின் அவ்வெல்லைக்குட்பட்டு அது கற்பிப்பன சிறியனவல்ல. வினவுதல் பகைமையன்று என்பது ஒன்று. தேர்வுக்கு உட்படுதல் பெருமைக்கு இழுக்கன்று என்பது மற்றொன்று. பிறர் நூலைக் கல்லாதவன் பிறரோடு உரையாடத் தகுதியற்றவன் என்பது மூன்றாவது. மெய்யென்று கண்டதை எதிராளி கூறினும் மெய்யென ஒப்புதல் வேண்டும் என்பது, விடைதோறும் இபுனு சலாம் கூறும் ஒப்புரையால் பெறப்படுகின்றது. சமய வாதங்களில் இவ்வொப்புரை எத்துணை அரியது என்பதை வாத நூல்களைக் கற்றோர் அறிவர்.

செய்யவேண்டுவன

ஆயிர மசலா 1984ஆம் ஆண்டில் மீண்டும் பதிப்பிக்கப்பெற்றது. அதன்பின்னும் நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இந்நூல் பெரிதும் பெயரளவிலேயே இடம்பெறுகின்றது. இசுலாமியத் தமிழ் இலக்கியம் என்னும் தனித்தாளில் இதனை ஒதுக்கிவைத்தல் போதாது. மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையையும், நீலகேசியையும், சித்தியார் பரபக்கத்தையும் பயிலும் மாணவர் அவற்றோடு ஆயிர மசலாவையும் பயிலுதல் வேண்டும். அப்போதுதான் தமிழில் சமயங்கள் ஒன்றோடொன்று பேசிய முறைகள் எத்தனை என்பது புலனாகும். நன்னூலின் வினா வகைகளையும் விடை வகைகளையும் கொண்டு இதன் பாடல்களை வகைப்படுத்துதல் ஓர் ஆய்வேட்டுக்குரிய பொருள். தமிழ் வடிவத்தை மலாய், சாவக வடிவங்களோடு பாட்டுக்குப் பாட்டு ஒப்பிடுதல் மற்றொன்று. அதற்கு அம்மொழிகளைக் கற்கும் மாணவர் நமக்கு வேண்டும்.

அரபுச் சொல்லொன்று தலைப்பில் நிற்பதைக் கண்டு இது நம் துறைக்குரியதன்று எனத் தமிழ் மாணவர் ஒதுங்குதலும், புராணம் என்னும் சொல்லைக் கண்டு இது நமக்குரியதன்று என இசுலாமிய மாணவர் ஒதுங்குதலும் ஒன்றுபோலவே இழப்பாகும். இருவரும் ஒருங்கிருந்து இந்நூலைக் கற்பாராயின், ஒருவர்க்குத் தெரியாததை மற்றவர் வினவியும் விடுத்தும் தெளிவர். நூலின் அமைப்பும் அதுவே.